ஸ்ரீரங்கத்து முதற்கனி

எம்மாவு சபையின் கமிட்டிக்கு ஒரு நல்ல வழக்கம் இருந்தது. யாருடைய வேலையையாவது பறிப்பதாக இருந்தால் மூன்று முறை ஜெபித்துவிட்டுத்தான் பறிப்பார்கள். 1957ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்து முதல் சனிக்கிழமை, திருச்சி பீமநகரில் ஆலயத்தை ஒட்டிய அறையில் அப்படி மூன்று ஜெபம் நடந்தது. சபையார் ‘ஐயர்’ என்று அழைக்கும் போதகர் ஞானாபரணம் நாலு வாக்கியத்தில் முடித்தார். பொக்கிஷதாரர் இருமலுக்கு நடுவே முடித்தார். மூன்றாவதாகத் தலைவர் மாசிலாமணி எழுந்து, கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, கண்ணை மூடினார்.

மாசிலாமணி ரிட்டயரான பள்ளிக்கூட டெபுடி இன்ஸ்பெக்டர். அவர் ஜெபம் செய்வதில்லை, நிலவரம் தெரிவிப்பார். ஸ்ரீரங்கத்தில் சபைக்கு ஓர் ஊழிய நிலையம் இருப்பதை ஆண்டவருக்குத் தெரிவித்தார். அது தொடங்கிய தேதியைச் சொன்னார். பதினோரு வருஷமாக அங்கே ஒரு ஆள்கூட ஞானஸ்நானம் பெறாததையும், சென்னைத் தலைமை அலுவலகத்துப் படிவத்தில் அதற்கான கட்டத்தில் பதினோரு முறை ‘இல்லை’ என்று எழுத நேர்ந்ததையும் வருத்தத்தோடு எடுத்துச் சொன்னார். இவையெல்லாம் ஆண்டவருக்கு முன்பே தெரிந்திருக்கலாம் என்ற சந்தேகம் அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை.

அந்த நிலையத்தின் உபதேசியார் பிச்சைமுத்து கதவோரமாகக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஐம்பத்து நாலு வயது. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தன்னைப் பற்றிக் கடவுளிடம் இவ்வளவு நீளமாகப் புகார் செய்யப்படும்போது ‘ஆமென்’ சொல்லலாமா கூடாதா என்பது அவருக்குப் பிடிபடவில்லை. மெதுவாகச் சொல்லிவைத்தார்.

போதகர் தொண்டையைக் கனைத்தார். “கனி கொடாத அத்திமரத்தைப் பத்தி ஆண்டவர் சொன்னதை நாம நெனச்சுப் பாக்கணும். இன்னும் ஒரு வருஷம் கொத்தி எரு போடறேன்னு தோட்டக்காரன் கெஞ்சினானே.”

ஒவ்வொரு செப்டம்பரிலும் அவர் இதைத்தான் சொல்வார். ஒவ்வொரு செப்டம்பரிலும் கமிட்டி ஒரு வருஷம் கொடுக்கும். இந்த வருஷம் மாசிலாமணி தயாராக வந்திருந்தார்.

“அந்த உவமையை நானும் படிச்சிருக்கேன் ஐயரே. எஜமான் மூணு வருஷம் பார்த்துட்டு வெட்டச் சொன்னார். தோட்டக்காரன் ஒரு வருஷம் கேட்டான். ஆகமொத்தம் நாலு. நாம குடுத்திருக்கிறது பதினொண்ணு. ஆண்டவரைவிட நாம ஏழு வருஷம் கூடுதலாப் பொறுத்திருக்கோம். இதுக்கு மேல பொறுத்தா அவருக்கே அது மரியாதைக் குறைவு.”

இந்தக் கணக்கை மறுக்க யாராலும் முடியவில்லை. கடைசியில் போதகர் கேட்டுக்கொண்டதற்காக, அறுப்பின் பண்டிகை வரை தவணை கொடுத்தார்கள். பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு. அதற்குள் ஒரு ஆத்துமா ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகாவிட்டால் நிலையம் மூடப்படும். உபதேசியார் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்குத் தெற்கே இரண்டு அறையுள்ள ஓட்டுவீடு அது. பிச்சைமுத்து திரும்பி வந்தபோது மனைவி ரோசம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“எத்தனை ஜெபம்?” என்றாள் தலை நிமிராமல்.

“மூணு.”

“அப்ப முடிஞ்சிது.”

“பிப்ரவரி வரைக்கும் பாக்கலாங்கறாங்க. ஒரு ஆத்துமா வேணுமாம்.”

“என்னைக் காட்டுங்களேன். பதினோரு வருஷமா உங்க கூட இந்த ஊர்ல குடித்தனம் பண்ணி இன்னும் விசுவாசத்துல நிலைச்சிருக்கேனே, இது அவங்களுக்குச் சின்ன விஷயமா?” என்றாள். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். “நாம எங்கங்க போவோம்?”

பிச்சைமுத்து குடையை மூலையில் சாத்தினார்.

ஸ்ரீரங்கம் அவருக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அதுதான் கஷ்டம். யாராவது கல்லால் அடித்திருந்தால் அறிக்கையில் ஒரு பத்தி எழுதியிருக்கலாம். இந்த ஊரில் அவர் நீட்டிய துண்டுப் பிரதியை எல்லோரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். சித்திரை வீதிப் பெரியவர் ஒருவர் வாராவாரம் அவரை நிறுத்தி, முழுதும் கேட்டுவிட்டு, “பேஷ். எங்க பெருமாள் திருவுள்ளமும் இதேதான், ஸ்வாமி” என்று ஆனந்தமாகச் சொல்லிவிட்டுப் போவார். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மறுநாளே விஷயம் தண்ணீர்க் குழாயடியில் பரவிவிட்டது. ரோசம்மாள் வீராயியிடம் சொன்னாள். வீராயி தன் புருஷன் சின்னையனிடம் சொன்னாள். சின்னையன் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டுகிறவன். நாற்பது வயது, கறுத்த ஒடிசலான ஆள். வருகிற யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு போய்க் கோயிலின் மொட்டைக் கோபுரத்து வாசலில் இறக்கிவிடுவது அவன் பிழைப்பு. திங்கட்கிழமை காலை பிச்சைமுத்து வழக்கமான இடத்தில் துண்டுப் பிரதிப் பையோடு வந்து நின்றதும், குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

“ஒரு ஆளுதானே ஐயா வேணும்? நான் வர்றேன்.”

“சின்னையா, அது சவாரி இல்லப்பா. ஏறி உக்காந்து பாத்துட்டு எறங்கிப் போறதுக்கு.”

“எறங்குவேன்னு யாரு சொன்னா?”

“நம்பிக்கை வேணும்.”

“இருக்கே.”

“யார் மேல?”

“உங்க மேலதான்.” சின்னையன் இதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. “எம் பொண்ணு டைபாய்டுல கெடந்தப்ப பதினெட்டு நாளு ஆஸ்பத்திரியில வந்து உக்காந்தீங்கள்ல? இப்ப அந்தப் பையைத் தொறப்பீங்க, அப்பறம் தொறப்பீங்கன்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். தொறக்கவே இல்ல. அவளுக்கு விசிறிக்கிட்டே இருந்தீங்க.”

பிச்சைமுத்துவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தப் பதினெட்டு நாளும் அவர் மனதில் குற்றமாகத்தான் உறுத்திக்கொண்டிருந்தன. குழந்தை கிடந்த கிடப்பில் பிரசங்கம் பண்ண வாய் வரவில்லை. ஊழிய டைரியில் அந்த நாட்களுக்கு நேரே ‘ஊழியம் நடைபெறவில்லை’ என்றுதான் எழுதியிருந்தார்.

“அது போதாதுப்பா” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நாலு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. நாலு நாளும் ரோசம்மாள் பாத்திரங்களை, எதைக் கொண்டுபோவது எதை விட்டுப்போவது என்று பார்ப்பவள்போல, எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். ஐந்தாம் நாள் பிச்சைமுத்து வேதபாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். மனிதன்மேல் வைக்கிற நம்பிக்கையும் ஒரு தொடக்கம்தானே, பாடம் நடக்க நடக்க மற்றது தானாக வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே அவருக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

பாடம் ஜட்காவின் முன்பலகையில் நடந்தது. ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவில் கிடைக்கிற நேரம்தான் வகுப்பு. சின்னையனுக்குப் படிப்பு வராது. காதால் கேட்டால் போதும், அப்படியே பிடித்துக்கொள்வான். பாதிக்கு மேல் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பதினோரு வருஷமாக அவன் குதிரைக்குப் பக்கத்தில் நின்றுதானே இவர் பிரசங்கம் செய்துவந்தார்.

“பத்துக் கட்டளையைச் சொல்லு.”

“நீங்க ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவுல எப்பவும் இருமுவீங்களே, அதோட சேத்துச் சொல்லட்டுமா, இருமாம சொல்லட்டுமா?”

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வந்தது. ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஆத்துமாவுக்கு மூச்சு விட நேரமில்லை. ரயிலுக்கு ரயில் வைஷ்ணவர்கள் வந்து இறங்கிக்கொண்டேயிருந்தார்கள். சின்னையனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் உபதேசியாரே படிக்கட்டில் நின்று, “மொட்டைக் கோபுரம்! இன்னும் ஒரு ஆளுக்கு எடம் இருக்கு! வாங்க, வாங்க!” என்று கூவினார். பதினோரு வருஷத்தில் அவர் அழைப்பைக் கேட்டு ஜனங்கள் ஓடி வந்தது அன்றுதான்.

தை பிறந்த பிறகு ஒருநாள், வண்டி நிழலில் நிற்க, அத்திமரத்துப் பாடம் வந்தது. சின்னையன் முழுதும் கேட்டான். பிறகு தலையைச் சொறிந்தான்.

“வெட்டச் சொன்னாரே அந்த எஜமான், அவரு வெயில்ல வண்டி ஓட்டினவரா இருக்க மாட்டாரு. காய்க்கலேன்னா என்னங்க, நெழலு குடுக்குமில்ல?”

“அது திராட்சத் தோட்டம்பா. நெழலு விழுந்தா கொடிக்கு ஆவாது.”

“அதுவும் சரிதான். அப்பறம் என்ன ஆச்சு?”

“எதுக்கு அப்பறம்?”

“அந்த ஒரு வருஷம் முடிஞ்சப்பறம். காச்சுதா, வெட்டிட்டாங்களா?”

பிச்சைமுத்து புத்தகத்தைப் பார்த்தார். முப்பது வருஷமாகப் பிரசங்கிக்கிற உவமை. இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை, அவரும் கேட்டுக்கொண்டதில்லை.

“அது சொல்லப்படலை” என்றார்.

“அப்ப சரி” என்றான் சின்னையன் நிம்மதியாக. “அந்தத் தோட்டக்காரரு மறுபடியும் போயிக் கேட்டிருப்பாரு. கேக்கறதுக்கு வெக்கப்படற ஆளாத் தெரியல.”

பிச்சைமுத்து புத்தகத்தை மூடினார். போதகருடைய செப்டம்பர் மாதத்து முகம் நினைவுக்கு வந்தது. அன்றைக்குப் பாடத்தை அதோடு நிறுத்திக்கொண்டார்.

இதற்குள் செய்தி பீமநகருக்கு எட்டியிருந்தது. மாசிலாமணி நேரிலேயே புறப்பட்டு வந்து, பள்ளிக்கூடத்தைப் பார்வையிடுவதுபோல் சின்னையனைப் பார்வையிட்டார். நகத்தைக் காட்டச் சொன்னார். திரும்பி நிற்கச் சொன்னார். “கேண்டிடேட் குடிப்பதுண்டா?” என்று, எதிரில் நிற்பவனைக் கேட்காமல், உபதேசியாரைக் கேட்டார். திருப்திப்பட்ட பிறகு திட்டத்தை விவரித்தார். அறுப்பின் பண்டிகையன்று சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் நெல், கரும்பு, பூசணிக்காய், வாழைத்தார் எல்லாவற்றையும் பீடத்தின் முன்னால் குவித்து, நடுவில் கேண்டிடேட்டை நிறுத்துவது. அழைப்பிதழில் ‘ஸ்ரீரங்கம் வயலின் முதற்கனி’ என்று போட ஏற்பாடாகியிருந்தது.

“பேரும் மாத்தணும் உபதேசியாரே. நல்ல கம்பீரமான பேரா இருக்கணும். நான் சொல்லக் கூடாது, ஆனா, மாசிலாமணின்னு வெச்சாக்கூட நல்லாத்தான் இருக்கும்.”

அவர் தலை மறைந்ததும் சின்னையன் சொன்னான்: “குதிரைக்கு வேணா வெச்சுக்கலாம். அதுக்குத்தான் எதுத்துப் பேசத் தெரியாது.”

சிரிப்பு அடங்கிய பிறகு பிச்சைமுத்து கேட்டார்: “வீராயி என்ன சொல்லுது?”

சின்னையன் கடிவாளத்தை இழுத்துச் சரிசெய்தான். “பேசறதில்ல. சோத்தை வெச்சிட்டுத் திரும்பிக்கிது. பொண்ணுக்குக் காது குத்தணும். தாய்மாமங்காரன் மடியில உக்கார வெக்க வரமாட்டேன்னுட்டான். பாக்கலாம், பாக்கலாம்.”

அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். பிச்சைமுத்துவுக்கு அது தெரிந்தது. நிறுத்தவில்லை.

பரீட்சை பண்டிகைக்கு முதல்நாள் பிற்பகல். ஞானஸ்நானம் கேட்கிறவர்களைக் கமிட்டி நேரில் கேள்வி கேட்பது அந்தச் சபையின் முறை. கேள்விகள் அச்சடித்த தாளில் இருக்கும். கடைசிக் கேள்வி: ‘எவருடைய தூண்டுதலுமின்றி, எக்காரணத்தால் நீ ஞானஸ்நானம் பெற விரும்புகிறாய்?’ பாட வேளைகளில் இதைக் கேட்கும்போதெல்லாம் சின்னையன், “உங்க வேலை போயிடக் கூடாதுன்னுதான்” என்பான். கடைசி வாரத்தில் பிச்சைமுத்து, அவன் கண்ணைப் பார்க்காமல், தாளில் அச்சடித்திருந்த விடையைப் படித்துக் காட்டினார். “இப்படித்தான் சொல்லணும்” என்றார். அவன் ஏனென்று கேட்கவில்லை. இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

பரீட்சையில் சின்னையன் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. கடைசிக் கேள்வி வந்ததும் பிச்சைமுத்துவை ஒருமுறை பார்த்தான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, அச்சடித்த விடையை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தான். தன் பாவங்களை உணர்ந்ததாகவும், இரட்சகரை விசுவாசிப்பதாகவும், வேறு எந்த நோக்கமும் இல்லை என்றும் சொன்னான்.

“எக்ஸலண்ட்!” என்றார் மாசிலாமணி. “என் சர்வீஸ்ல இப்படி ஒரு மாணவனைப் பார்த்ததில்லை.”

அவர் கமிட்டிக்கு இன்னொரு சந்தோஷமும் வைத்திருந்தார். சென்னைக்கு அனுப்பவேண்டிய ஆண்டறிக்கையை வியாழக்கிழமையே அனுப்பிவிட்டாராம். கட்டத்தில் முதல்முறையாக ‘ஒன்று’. கூடவே ஒரு போட்டோ. அதில் மாசிலாமணி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சின்னையன் பக்கத்தில் நிற்பான்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிறைந்திருந்தது. அழைப்பிதழில் கமிட்டியார் ஒன்பது பேருடைய பெயரும் பட்டங்களோடு இருந்தன. முதற்கனியின் பெயருக்கு இடம் போதவில்லை. வாழைத்தாருக்கும் பூசணிக்குவியலுக்கும் நடுவில், இரவல் வெள்ளைச் சட்டையில், சின்னையன் நின்றான். குழந்தைகள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் அவனை லேசாக நகரச் சொல்லி, பின்னால் இருந்த தன் பரங்கிக்காய் எல்லோர் கண்ணிலும் படும்படி செய்தாள். அவன் நகர்ந்து கொடுத்தான். வண்டியில் பூட்டிய குதிரை ஆட்கள் ஏறும்வரை நிற்குமே, அப்படித் தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றான்.

பக்கவாசல் வழியாக வெளியே புளியமரம் தெரிந்தது. அதன் கீழே வீராயி, ஆலயத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மகளை இடுப்போடு அணைத்தபடி நின்றிருந்தாள்.

பிச்சைமுத்து அவன் அருகில் போய் நின்றார். சின்னையன் உதடு அசையாமல் சொன்னான்: “பயப்படாதீங்க ஐயா. நான் பாத்துக்கறேன்.”

அந்த வார்த்தையில்தான் பிச்சைமுத்துவுக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. இவன் தன் வீட்டு அமைதியைக் கொடுத்தான். மகளின் காதுகுத்தைக் கொடுத்தான். இப்போது கடவுளின் முன்னால் பொய் சொல்லும் பாவத்தையும் தன் தலையில் ஏற்றிக்கொள்ளத் தயாராக நிற்கிறான். பதிலுக்கு அவனுக்கு ஒன்றும் வேண்டாம். இத்தனை அன்பைப் பதினோரு வருஷமாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கனியே இல்லை என்று டைரியில் எழுதிக்கொண்டிருந்தோமே என்று நினைத்தார். கடைசியில் ஒன்று பழுத்தபோது அதற்குப் பொய்யைக் கற்றுக்கொடுத்துவிட்டோமே என்றும் நினைத்தார்.

போதகர் தண்ணீர்ப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தார். முறைப்படி கேட்டார்: “இவர் மெய்யான மனதோடு வருகிறார் என்று சாட்சி சொல்லுகிறவர் யார்?”

உபதேசியார் ‘நான் சொல்லுகிறேன்’ என்று சொல்ல வேண்டும். மூன்றே நொடி வேலை.

“என்னால சொல்ல முடியலைங்க ஐயா” என்றார் பிச்சைமுத்து.

பாட்டுப் புத்தகங்கள் புரளும் சத்தம் நின்றது.

“எனக்கு வேலை போயிடும்னுதான் இவர் வந்தார். முதல் நாளே உள்ளதைச் சொன்னார். கேட்டப்பல்லாம் சொன்னார். நேத்து சொன்ன பதிலை நான்தான் மனப்பாடம் பண்ண வெச்சேன். பொய் என்னுது. தண்ணியை மூடிடுங்க.”

மாசிலாமணி எழுந்து கையை உயர்த்தி, “பாயிண்ட் ஆஃப் ஆர்டர்!” என்றார். ஆலயத்தில் அதற்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாததால் அவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு உட்கார்ந்தார். போதகர் பாத்திரத்தை மூடினார். வெகுநேரம் அதன்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. பிறகு சின்னையனிடம், “வெளியில உங்க சம்சாரம் நிக்கிறாங்க போல. கூட்டிட்டு வீட்டுக்குப் போங்க. எப்ப வேணா வாங்க, வராமலும் இருக்கலாம்” என்று சொன்னார்.

புளியமரத்தடியில் சின்னையன் கத்தினான். “அஞ்சு மாசம் ஐயா! ஒரு தப்பு இல்லாம சொன்னேன்! கடைசியில நீங்களே குடை சாச்சிட்டீங்களே! எங்க போயி நிப்பீங்க இனிமே? அந்தம்மா எங்க போவும்?”

“தெரியலப்பா.”

“என்னை என்னன்னு நெனச்சீங்க? ஒரு பொய்யைத் தாங்க மாட்டேனா நான்?”

“நீ தாங்குவே. நான்தான் அதை உம் மேல ஏத்தியிருக்கக் கூடாது.”

வீராயி இத்தனை மாதத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். “வண்டியப் பூட்டு. ஐயாவையும் அக்காவையும் வீட்டுல எறக்கிட்டுப் போவம். எம்மாந்நேரம் வெயில்ல நிப்பாங்க” என்றாள்.

திங்கட்கிழமை கமிட்டி கூடியது. ஜெபம் ஒன்றுதான், மாசிலாமணிக்கு அன்று குரல் சரியாக இல்லை. உபதேசியார் செய்தது பெரிய குற்றம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, பிச்சைமுத்துவுக்கும் இல்லை. ஆறு மாதம் அவர் நற்கருணையில் பங்குபெறக் கூடாது, வேதபாடம் வாசிக்கக் கூடாது, கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும் என்று தீர்மானமாயிற்று.

“நிலையத்தையும் இன்னியோட மூடிடலாம்” என்றார் பொக்கிஷதாரர்.

“மூடலாம்” என்றார் போதகர். “நடந்ததை அப்படியே சென்னைக்கு நான் எழுதறேன். போட்டோவைத் திருப்பி அனுப்பச் சொல்றேன்.”

மாசிலாமணி கோட்டுப் பாக்கெட்டில் கைவிட்டார். காலையில் வந்த தந்தி உள்ளே இருந்தது. ஸ்ரீரங்கம் நிலையத்தின் வெற்றிக்குத் தலைமை அலுவலகம் தலைவரைப் பாராட்டியிருந்தது. அவர் அதை வெளியே எடுக்கவில்லை.

“அவசரம் என்ன ஐயரே?” என்றார். “உண்மையைத்தான் எழுதணும், வேற என்ன? ஞானஸ்நானம் தள்ளிவைக்கப்பட்டிருக்குன்னு எழுதுங்க. உண்மைதானே? தள்ளிவைச்சா, அந்த ஊர்ல நிலையம்னு ஒண்ணு இருக்க வேண்டாமா? நாம பொறுமையா இருக்கணும்.”

பொறுமையைப் பற்றி அவர் நல்லவிதமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. போதகர் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தாரா என்பது தெரியவில்லை. ‘நடந்ததையும் எழுதுவேன், தள்ளிவைத்ததையும் எழுதுவேன்’ என்றார். கடவுளின் பொறுமை எந்த வாசல் வழியாக வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கு அது ஒரு ரிட்டயரான டெபுடி இன்ஸ்பெக்டரின் பாக்கெட் வழியாக வந்தது. நிலையம் மறு உத்தரவு வரை தொடரலாம் என்று எழுதிக்கொண்டார்கள்.

மார்ச் முதல் ஞாயிறு நற்கருணை ஆராதனை. பிச்சைமுத்து கடைசி பெஞ்சில் சுவரோரமாக உட்கார்ந்தார். மூன்றாம் வரிசைப் பெண்கள் பக்கத்திலிருந்து ரோசம்மாள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டாள். பாட்டு தொடங்கியபோது யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். குதிரை வாசனை அடித்தது.

“நீ எதுக்குப்பா வந்தே?” என்றார் தாழ்ந்த குரலில்.

“ஐயரு எப்ப வேணா வாங்கன்னாரு.”

“வீராயிக்குத் தெரியுமா?”

“சொல்லிட்டுத்தான் வந்தேன். பூசணிக்கா நடுவுல மட்டும் நிக்காதேன்னு சொல்லிச்சு.”

நற்கருணை அப்பத்தையும் திராட்சரசத்தையும் வாங்க ஜனங்கள் வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். முப்பது வருஷமாகப் பிச்சைமுத்து அந்த வரிசையில் போய் வந்தவர். சீசன் டிக்கெட் வைத்திருப்பவன் ரயிலேறுவதுபோல ஏறி இறங்கியிருந்தார். இப்போது முதுகுகள் மட்டும் தெரிந்தன. தலையைக் குனிந்து தரையைப் பார்த்தார்.

“கீழ பாக்காதீங்க” என்று கிசுகிசுத்தான் சின்னையன்.

“என்ன?”

“உங்களுக்கு வெளியில உக்காந்து பழக்கமில்ல. எனக்குத் தெரியும். எங்கப்பா காலத்துல எங்களைக் கோயிலுக்குள்ள விடமாட்டாங்க. ஊரு ஜனத்தையெல்லாம் வண்டியில கொண்டாந்து உள்ள அனுப்புவாரு, அவரு வாசல்லயே நிப்பாரு. நானும் பக்கத்துல நிப்பேன். தரையப் பாத்தா கோவம்தான் வரும், அழுகையும் வரும். உள்ள பாத்துக்கிட்டே இருக்கணும் ஐயா. தூரமா ஒரு வெளக்கு தெரியும். அதைப் பாத்துக்கிட்டே இருந்தா நேரம் போறது தெரியாது.”

பதினோரு வருஷமாக வெளியே நிற்கிறவர்களை உள்ளே கூப்பிட்டிருக்கிறார். அவர்கள் நின்ற இடத்தில் ஒரு நாழிகைகூட உட்கார்ந்து பார்த்ததில்லை. பிச்சைமுத்து தலையை நிமிர்த்தினார். பீடத்தின்மேல் இரண்டு மெழுகுவர்த்திகள். முழந்தாளிட்டிருந்தவர்களில் மாசிலாமணியின் பெரிய முதுகும் இருந்தது; எழுந்திருக்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டது. அந்த முதுகின்மேல் பிச்சைமுத்துவுக்குக் கோபம் வரவில்லை. அதையே ஆச்சரியமாகக் கவனித்துக்கொண்டிருந்தார்.

“சின்னையா” என்றார் கொஞ்ச நேரம் கழித்து. “தாள்ல இருந்த கடைசிக் கேள்வி. இப்பக் கேட்டா என்ன சொல்லுவே?”

சின்னையன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், நெற்றி சுருங்கியது.

“தெரியல ஐயா” என்றான். “தெரியாமத்தான் வந்து உக்காந்திருக்கேன்.”

“சரி” என்றார் பிச்சைமுத்து. அதைவிட நல்ல பதிலை இத்தனை மாதத்தில் அவன் சொன்னதில்லை என்று பட்டது. சொன்னால் மனப்பாடம் செய்துவிடுவானோ என்று பயந்து சொல்லாமல் விட்டார்.

வெளியே குதிரை கனைத்தது. பத்தே முக்கால் ரயிலுக்குச் சவாரி பிடிக்க நேரமாகிவிட்டது. சின்னையன் எழுந்திருக்கப் பார்த்தான். பிறகு, என்ன தோன்றிற்றோ, திரும்ப உட்கார்ந்துகொண்டான்.